மாமனார் போட்ட வாட்ச்

அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீங்க, அந்தப் பை மேல கையை ஊணாதீங்க. உள்ள இருக்கது அட்டைப்பெட்டி. முப்பத்திரண்டு வருசத்துப் பெட்டி, மூலை மடங்கிட்டுன்னா போச்சு. நீங்க உக்காருங்க, நான் மடியில வச்சுக்கிடுதேன். எதுவரைக்கும் போறீங்க, திருநெல்வேலியா? நல்லதாப் போச்சு, நானும் அங்கதான். இந்தப் பாசஞ்சர் வண்டி போய்ச் சேர்றதுக்குள்ள பேசிக்கிட்டே போகலாம்.

உள்ள என்னன்னு நீங்க கேக்கலை. மரியாதை தெரிஞ்ச ஆளு. ஆனாலும் சொல்லுதேன், வாட்ச் பெட்டி. வாட்ச் இல்லாத பெட்டி. வாட்ச் இந்தா என் கையில கெடக்கு. வாட்சைக் கையில கட்டிட்டுப் பெட்டியை மடியில தூக்கிட்டுப் போறானே, இவனுக்குக் கிறுக்கான்னு பாக்கீங்க. எம் பொஞ்சாதியும் அப்படித்தான் பாப்பா. முழுசாக் கேட்டா அப்படிப் பாக்க மாட்டீங்க.

என் பேரு ஆவுடையப்பன். பாவூர்சத்திரத்துல ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசல்ல உக்காந்து பத்திரம் எழுதுதேன், முப்பத்தஞ்சு வருசமா. நான் எழுதின பத்திரத்துல ஒண்ணு கூட கோர்ட்டுப் படி ஏறினது கிடையாது. ஒருத்தன் வந்து, நல்ல செவக்காடு, கிணத்துல தண்ணி வத்தாதும்பான். நான் காட்டைப் பாக்கவே மாட்டேன். மூலப்பத்திரத்தைக் கொண்டாம்பேன். வில்லங்கம் போட்டுப் பாப்பேன். யாருட்ட இருந்து யாருக்கு வந்தது, நடுவுல எவன் கைக்கு மாறுச்சு, அதுதான் எனக்குச் சொத்து. மண்ணு எல்லா இடத்துலயும் மண்ணுதானே.

வாட்ச்லயும் அதே கொள்கைதான். பழைய வாட்ச் சேக்கவன் ஊருக்கு நூறு பேர் இருக்கான். சந்தையில கெடக்கதை அள்ளிட்டு வந்து கண்ணாடி அலமாரியில அடுக்கிருவான். அதெல்லாம் பட்டா இல்லாத நிலம். என்கிட்ட வரணும்னா பெட்டி வேணும், காரண்டி கார்டு வேணும், கடை பில்லு வேணும். வாட்ச் முதுகுல ஒரு நம்பர் இருக்கும், கார்டுல ஒரு நம்பர் இருக்கும், ரெண்டும் ஒண்ணா இருக்கணும். அப்பத்தான் அது ஃபுல் செட்டு. அப்படிப் பதினேழு செட்டு வச்சிருந்தேன் அண்ணாச்சி. இந்தப் பக்கத்துல வேற யாருட்டயும் கிடையாது.

எப்படிக் கிடைக்குதுன்னு கேப்பீங்க. வயசானவங்க வீட்டுலதான் இருக்கும். ஒரு பெரியவர் தவறிட்டாருன்னா அன்னைக்கே போய் நிக்கிற ஆளு நான் இல்ல. பதினாறு கழியட்டும்னு இருப்பேன். பதினேழாம் நாள் காலையில போவேன். போனதும் வாட்சைக் கேக்க மாட்டேன். அவுக சாமான் எல்லாம் பத்திரமா இருக்கான்னு கேப்பேன். அந்த வீட்டுக்காரங்க கண்ணு கலங்கிரும். நம்ம அப்பா மேல இவ்வளவு அக்கறையான்னு காபி போட்டுத் தருவாங்க. எம் பொஞ்சாதி உலகம்மாள் இதைக் கேட்டாத் தலையில அடிச்சுக்கிடுவா. அவளுக்கு இந்த விசயத்துல ரசனை பத்தாது.

இப்ப கதைக்கு வாரேன். பதினேழு செட்டு போக, பதினெட்டாவதா ஒண்ணு இருந்துச்சு. என் கல்யாண வாட்ச். அதுக்கு எல்லாம் உண்டு, கார்டும் பில்லும் மட்டும் இல்ல.

எண்பத்தேழுல எனக்குக் கல்யாணம். எங்க பக்கம் மாப்பிள்ளைக்கு மோதிரமும் வாட்சும் பொண்ணு வீட்டுல போடணும். எங்க மாமனாரு திருமலைக்கொழுந்து, பண்பொழியில மளிகைக்கடை வச்சிருந்தாரு. சம்பந்தம் பேசும்போது எங்கப்பா முன்னால வாய் நிறையச் சொன்னாரு, மாப்பிள்ளைக்கு எச்.எம்.டி. ஆட்டோமேட்டிக், தேதி காட்டுறதுன்னு. நான் உள்ரூம்ல நின்னு கேட்டேன். கை அசைஞ்சா தானா ஓடுற வாட்ச். சொல்லி வச்சுக் காத்துக் கெடந்துதான் வாங்கணும். அதுவரைக்கும் எனக்குப் பொண்ணு மேல பெரிய அபிப்பிராயம் ஒண்ணும் இல்ல, அன்னைக்குத்தான் சரின்னேன்.

கல்யாணத்தன்னைக்குக் காலையில பெட்டியைத் திறக்கேன், சாவி குடுக்கிற வாட்ச். தேதியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. எனக்கு எப்படி இருந்திருக்கும், நீங்களே சொல்லுங்க. வேட்டி கட்டினேன், மோதிரம் போட்டேன், வாட்சைக் கட்டலை. வெறுங்கையோடதான் மணவடையில உக்காந்தேன். கல்யாண ஃபோட்டோவுல பாத்தா என் மூஞ்சியும் இடது கையும் ஒரே மாதிரி மொட்டையா இருக்கும். அதுக்குப் பிறகும் கட்டலை. முப்பத்திரண்டு வருசம் கட்டலை. பெட்டியில வச்சு, பெட்டியைத் துணியில சுத்தி, பீரோவுல பூட்டி வச்சேன். வீம்புன்னா வீம்பு.

சும்மாவும் இருக்கலை. தலைதீபாவளிக்குப் போனப்போ மாமனாருட்ட கேட்டேன், மாமா, எங்க அக்கா மாப்பிள்ளை கையில பாத்தீங்களா, ஆட்டோமேட்டிக், அது எங்கப்பா போட்டதுன்னு. அதாவது எங்கப்பா பொண்ணைக் குடுத்த லட்சணத்தைப் பாருங்க, உங்க லட்சணத்தைப் பாருங்கன்னு அர்த்தம். அவரு சிரிச்சாரு. மாப்பிள்ளைக்கு இன்னும் ரெண்டு முறுக்கு வைம்மான்னாரு. பொங்கலுக்கும் கேட்டேன். அடுத்த தீபாவளிக்கும் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் சிரிப்பாரு, தட்டுல எதையாவது வைக்கச் சொல்லுவாரு. குத்தம் செஞ்சவன் எதைப் பேசுவான்னு நான் நினைச்சுக்கிடுவேன்.

ஆனா பாருங்க, கட்டாமலே வச்சது பின்னால எனக்கு யோகமாப் போச்சு. வாட்ச் சேக்கவங்க மத்தியில, கட்டாத வாட்ச்சுன்னா அதுக்கு மதிப்பே தனி. செல்ஃபோன்ல எங்களுக்கு ஒரு குரூப்பு உண்டு. அதுல ஃபோட்டோ போட்டேன், மாமனார் போட்டது, முப்பத்திரண்டு வருசமாகக் கையில படாததுன்னு. எல்லாரும் கைதட்டுனாங்க. கோயம்புத்தூர்க்காரன் ஒருத்தன் மட்டும், அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க, இது கட்டுன வாட்ச்சுங்க, முதுகெல்லாம் வேர்வையில தேஞ்சிருக்குதுங்கன்னான். எனக்கு வந்துச்சே கோவம். பெட்டிக்குள்ள கெடந்து உரசினதுடான்னேன். அப்படின்னா கார்டையும் பில்லையும் போடுங்கண்ணா, நம்பரைப் பாத்துரலாம்னான். என்கிட்ட அது ரெண்டும்தான் இல்லையே. அன்னையில இருந்து எனக்குச் சரியாச் சாப்பாடு இறங்கலை.

கார்டும் பில்லும் எங்க இருக்கும்? வாங்கினவர் வீட்டுல இருக்கும். மாமனாரு தவறி ஏழு வருசம். பதினேழாம் நாள் போகலாம்னு சட்டையை மாட்டினேன், உலகு வாசக்கதவைச் சாத்தித் தாப்பாள் போட்டுட்டா. வீடு இப்ப மச்சினன் குற்றாலிங்கம் கையில. உலகுக்குத் தம்பி. அவனுக்கும் எனக்கும் பேச்சு கிடையாது.

பேச்சு எப்படி நின்னுச்சுன்னா, ஒம்பது வருசத்துக்கு முன்னால அவன் வீட்டைப் புதுப்பிச்சுப் பால் காய்ச்சினான். பந்தியில பக்கத்து இலைக்காரரு, என்ன பத்திரக்காரரே, கையில வாட்ச் இல்லையான்னாரு. இவங்க வீட்டுல போட்டதைக் கட்டுறதுக்கு வெறுங்கையே மேல்னு சொன்னேன். தமாசாத்தான் சொன்னேன். குற்றாலிங்கம் எனக்குத்தான் சாம்பார் ஊத்திட்டு இருந்தான். வாளியைக் கீழ வச்சான் பாருங்க, அவ்வளவுதான். எனக்கு ரசமும் வரலை, மோரும் வரலை. இன்னைக்குப் பேசுவான் நாளைக்குப் பேசுவான்னு ஒம்பது வருசம் போயிட்டு. மாமனார் சாவுக்குப் போனேன், மாலை போட்டேன், அவன் அந்தப் பக்கம் பாத்தான், நான் இந்தப் பக்கம் பாத்தேன்.

இந்த நிலைமையில மகளுக்குக் கல்யாணம் முடிவாச்சு. எங்க செண்பகவல்லிக்கு. தாய்மாமன் மாலை போட்டுக் கையைப் பிடிச்சு மணவடைக்குக் கூட்டிட்டு வரணும், அது முறை. உலகு ஒரு மாசமா ஒண்ணும் பேசலை. ஒரு நாள் சோத்தைப் போட்டுக்கிட்டே சொன்னா, எந்தம்பி வரலேன்னா அந்தப் புள்ள கையை யாரு பிடிப்பான்னு. நான் சொன்னேன், சரி, நாளைக்குப் போய்ப் பத்திரிகை வச்சுட்டு வருவோம்.

அண்ணாச்சி, அவ அழுதுட்டா. கையில கரண்டியோட நின்னு அழுதா. மறுநாள் விடியறதுக்குள்ள குளிச்சு, பட்டுச்சேலை கட்டி, தட்டுல வெத்தலை பாக்கு, பழம், பூ எல்லாம் வச்சு, நாலு தடவை எடுத்து நாலு தடவை அடுக்குனா. பஸ்ல என் கையைப் பிடிச்சுட்டே வந்தா. கல்யாணமாகி இத்தனை வருசத்துல பஸ்ல கை பிடிச்சது அன்னைக்குத்தான். எனக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு. உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு, நான் போனது கார்டுக்கு. பத்திரிகை கையில இருந்தா உள்ள விடுவான்லா. சட்டைப் பையில லென்ஸும், பையில வாட்ச் பெட்டியும் கொண்டு போனேன்.

குற்றாலிங்கம் வாசல்ல நின்னான். வாங்கன்னான், உலகைப் பாத்து. நானும் போய் உக்காந்தேன். அவன் பொஞ்சாதி வடிவு நல்ல பிள்ளை, வாங்கண்ணேன்னா. அவன் எங்கிட்ட எதையும் நேரா சொல்ல மாட்டான், எல்லாம் வடிவு மூலமாத்தான். வடிவு, வந்தவுகளுக்கு ஃபேனைப் போடு. வடிவு, சீனி போடலாமான்னு கேட்டுக்கோ. நான் அவனுக்கு எதிர்ல மூணடி தூரத்துல உக்காந்திருக்கேன். நானும் விடலை, வடிவு, எனக்குச் சீனி வேண்டாம்னு சொல்லும்மான்னேன். அந்தப் பிள்ளை ரெண்டு பேரையும் பாத்துத் தலையைத் தலையை ஆட்டுச்சு.

தட்டை நீட்டினோம். அவன் ரெண்டு கையாலயும் வாங்கினான். பத்திரிகையைத் திறந்து தாய்மாமன்னு தன் பேரு போட்டிருக்கதைப் பாத்தான். ரொம்ப நேரம் பாத்தான். மாமனாரு படத்துக்கு முன்னால கொண்டு போய் வச்சான். உலகு முந்தானையால வாயை மூடிக்கிட்டா. எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. அப்படியே எந்திரிச்சு வந்திருக்கணும், இப்பத் தெரியுது. அப்பத் தெரியலையே. நான் சொன்னேன், வடிவு, மாமா வாட்ச் வாங்கின கார்டும் பில்லும் இங்க எங்கயாவது இருக்கான்னு கேளும்மா.

உலகு என்னைத் திரும்பிப் பாத்தா. அந்தப் பார்வையை நான் உங்களுக்குச் சொல்ல முடியாது. குற்றாலிங்கம் எந்திரிச்சு உள்ள போனான். ஒரு ஃபைலைக் கொண்டு வந்தான். அண்ணாச்சி, அந்த ஃபைலு. கரண்டு பில்லு, வீட்டுத் தீர்வை, மாமனாரு வாங்கின ஆட்டுக்கல்லுக்கு பில்லு, எல்லாம் வருசவாரியா அடுக்கி வச்சிருந்தான். எனக்கு முதல் தடவையா அவன் மேல மரியாதை வந்துச்சு. பிளாஸ்டிக் கவர்ல இருந்து கார்டையும் பில்லையும் உருவி டீப்பாய் மேல வச்சான்.

லென்ஸை எடுத்துப் படிக்கேன். எச்.எம்.டி. ஆட்டோமேட்டிக், தேதியுடன்னு போட்டிருக்கு. கடை முத்திரை இருக்கு, கல்யாணத்துக்கு ரெண்டு வாரம் முந்தின தேதி இருக்கு, மாமனாரு கையெழுத்து இருக்கு. பெட்டியைத் திறந்து என் வாட்ச் முதுகைப் பாக்கேன், நம்பர் வேற. எனக்கு உச்சந்தலையில சுர்ருன்னு ஏறிச்சு. எந்திரிச்சு நின்னு, மாமனாரு படத்தைப் பாத்துக் கை நீட்டிச் சொன்னேன், அப்போ ஆட்டோமேட்டிக்கை வாங்கி நீரு வச்சுக்கிட்டு எனக்கு வேற எதையோ பெட்டியில போட்டுக் குடுத்திருக்கீரு, இது மோசடின்னு. செத்துப்போன மனுசனைப் பாத்துச் சொன்னேன்.

குற்றாலிங்கம் சத்தம் போடலை. போய்ப் படத்துக்கு முன்னால இருந்த தட்டை எடுத்தான், பத்திரிகையோட. வடிவு, இதை அவுக கையிலேயே குடுத்துருன்னான். வச்ச பத்திரிகையைத் திருப்பிக் குடுக்கதுன்னா என்னன்னு தெரியும்லா. அவன் அதோட கொல்லைப்புறம் போயிட்டான்.

வடிவு தட்டைக் கையில வச்சுக்கிட்டு நின்னா. அண்ணே, இன்னைக்கு நான் சொல்லியே தீருவேன்னா. மாமா வாங்கினது ஆட்டோமேட்டிக்தான். மாப்பிள்ளை அழைப்பு அன்னைக்குச் சாயங்காலம் உங்க அப்பா கையில குடுத்தாக. அதை உங்க அத்தான் பாத்துட்டாக. மூத்த மாப்பிள்ளை எனக்குச் சாவி குடுக்கிறது, இந்தப் பயலுக்கு ஆட்டோமேட்டிக்கான்னு சத்திரத்துல சுவத்தைப் பாத்துப் படுத்துட்டாக. கல்யாணத்துக்கு வர மாட்டேன்னாக. உங்க அக்கா அழுதாக. உங்க அப்பா என்ன செய்வாக, பொண்ணைக் குடுத்த இடமாச்சே. உங்க அத்தான் கையில கெடந்ததைக் கழட்டித் துடைச்சு, புதுப்பட்டை மாட்டிப் பெட்டியில வச்சுட்டாக. புதுசை அவுகளுக்குக் கட்டி விட்டுட்டாக. மறுநாள் பந்தியில உங்க அத்தான் கையில அதைப் பாத்துத்தான் எங்க மாமாவுக்கே தெரிஞ்சது. யாருட்டயும் சொல்லாதீங்க, சம்பந்தி தலை குனியக் கூடாது, மாப்பிள்ளைக்குத் தெரிஞ்சா அப்பனையும் அக்காளையும் வெறுத்துருவாரு, என்னை வெறுத்தா வெறுத்துட்டுப் போறாரு, அப்படின்னாக. இந்த வீட்டுக்கு நான் வாக்கப்பட்டு வந்த பிறகு எங்கிட்ட எத்தனை தீபாவளிக்குச் சொல்லி அழுதிருக்காக தெரியுமான்னா.

எல்லாத்தையும் கேட்டுட்டு நான் முதல்ல கேட்டது என்ன தெரியுமா? அப்போ என் பெட்டியில இருக்கது செகண்ட் ஹேண்டான்னு கேட்டேன். வாயில வந்துட்டு, என்ன செய்ய. கோயம்புத்தூர்க்காரன் மூஞ்சிதான் கண்ணு முன்னால நின்னுச்சு. வடிவு தட்டை என் கையில திணிச்சுட்டு உள்ள போயிட்டா.

அத்தான் கையில இருந்த வாட்சை நான் வருசா வருசம் பாத்திருக்கேன். நல்ல வாட்ச் அத்தான்னு நானே சொல்லியிருக்கேன். எங்க மாமனார் போட்டதுடேம்பாரு. அவரு சொன்னதுலயும் பொய் இல்ல, எங்கப்பாதானே கட்டி விட்டாரு. அவருக்குக் கல்யாணம் ஆனப்போ நான் தூத்துக்குடியில டைப் படிச்சுட்டு இருந்தேன், எங்கப்பா என்ன வாட்ச் போட்டாருன்னு நான் எங்க கண்டேன். ஊரு சொத்துக்கெல்லாம் வில்லங்கம் பாத்தவன், என் பெட்டிக்குப் பாக்கலை. எங்கப்பா கை மாத்திக் குடுத்த வாட்சைக் காட்டியே எங்க மாமனாரைக் குத்தியிருக்கேன்.

பஸ்ல உலகு பெண்கள் சீட்டுல போய் உக்காந்துட்டா. வீட்டுக்கு வந்துதான் கேட்டேன், உனக்குத் தெரியுமான்னு. கல்யாணத்தன்னைக்கே தெரியும்னா. முப்பத்திரண்டு வருசம் ஒரு வில்லங்கத்தை மறைச்சிருக்கா, பத்திரம் எழுதுறவன் பொண்டாட்டி. ஏன் சொல்லலைன்னேன். சொல்லியிருந்தா எங்க அப்பாவைப் பேசின பேச்சை உங்க அப்பாவைப் பேசியிருப்பீங்க, அவரு பாவம்னா. பிறகு சொன்னா, எந்தம்பி மணவடைக்கு வரலேன்னா நானும் வரலை, நீங்களும் உங்க பெட்டியும் நின்னு தாரை வார்த்துக் குடுங்க. கல்யாணத்துக்குப் பதினோரு நாள் இருந்துச்சு.

மறுநாள் கல்லிடைக்குறிச்சிக்குப் போனேன், அத்தான் வீட்டுக்கு. நல்லாக் கேட்டுக்கிடுங்க, நான் மச்சினனுக்காகப் போகலை. கார்டும் பில்லும் எப்படியோ என் சட்டைப் பையிலேயே வந்துட்டு, வாட்சும் வந்தா செட்டு முடியும், அதுக்குத்தான் போனேன்.

எங்க அத்தான் சங்கரபாண்டிக்கு எழுபது வயசு. ஈஸிச்சேர்ல படுத்திருந்தாரு. கையில அது கெடந்துச்சு. அத்தான், எனக்கு எல்லாம் தெரிஞ்சு போச்சு, அந்த வாட்சைக் குடுங்கன்னேன். அவரு கையைத் தூக்கி வாட்சைப் பாத்தாரு. இது வாட்ச் இல்லடே ஆவுடை, எனக்குச் சேர வேண்டிய மரியாதைன்னாரு. இத்தனை வருசத்துக்குப் பிறகும் முறுக்கு குறையலை. எங்க அக்கா அடுக்களையில இருந்து, கழட்டிக் குடுங்க, அன்னைக்குப் படுத்த படுக்கை எனக்கு இன்னும் மறக்கலைன்னா. அவரு கேக்கணுமே. வேணும்னா மாத்திக்கிடலாம்னாரு. உங்கிட்டதான் நிறைய இருக்காமே, நல்லதா ஒண்ணு குடு.

சும்மா தர மாட்டாருன்னு தெரியும், சுமாரா ஒண்ணைக் குடுத்து ஏமாத்தலாம்னு நினைச்சு மூணு செட்டைப் பையில கொண்டு போயிருந்தேன். கூட எச்.எம்.டி. பைலட்டுன்னு ஒரு செட்டும் இருந்துச்சு. கறுப்பு முகம் வச்ச பைலட். பெட்டி, கார்டு, பில்லு, விலைச்சீட்டு கட்டின நூலு கூட அவிழ்க்காதது. அம்பையில ஒரு வாத்தியார் வீட்டுக்கு நாலு வருசம் நடந்து வாங்கினது. அதை வச்சுட்டுப் போக மனசு வராமத்தான் கூடக் கொண்டு போனேன். மனுசன் பையைத் தானே திறந்தாரு. மூணையும் ஒதுக்கிட்டு அதைத்தான் எடுத்தாரு.

அவரு நூலைப் பல்லால கடிச்சு அறுத்தாரு. வாட்சை எடுத்துக் கையில கட்டினாரு. கார்டைப் பிரிச்சு ஒரு தடவை பாத்தாரு, நாலா மடிச்சாரு, ஆடுற மேசைக்கால்ல செருகினாரு. மேசை ஆடுறது நின்னு போச்சு. அக்கா வந்து, டப்பா நல்லாருக்கேடா, மாத்திரை போட்டு வைக்கலாம்னு எடுத்துட்டுப் போயிட்டா. என் வாழ்க்கையில அப்படி ஒரு காட்சியைப் பாத்துக்கிட்டு வாய் மூடி நின்னது அன்னைக்குத்தான்.

அவரு கழட்டிக் குடுத்ததை வாங்கி முதுகைத் துடைச்சுப் பாத்தேன். தேஞ்சு போய், வெயில்ல சாய்ச்சுப் பிடிச்சாத்தான் நம்பர் தெரிஞ்சுது. கார்டை எடுத்துப் பாத்தேன். ஒண்ணுதான். கண்ணாடியெல்லாம் கீறல், பட்டை மாத்தி மாத்தி எத்தனாவது பட்டையோ. ஆனா ஓடுது.

வீட்டுக்கு வந்து மேசை மேல எல்லாத்தையும் பரப்பினேன். பெட்டி, கார்டு, பில்லு, வாட்ச். செட்டு முடிஞ்சிட்டு. குரூப்புல போடணும்னு ஃபோட்டோ எடுக்கக் குனிஞ்சேன். பில்லுல கீழ மாமனாரு கையெழுத்து இருந்துச்சுல்லா, அதுக்கு மேல இன்னாருக்காகன்னு ஒரு வரி இருந்துச்சு. பண்பொழியில மாடலு, நம்பரு, முத்திரை, கையெழுத்துன்னுதான் பாத்தேன், இந்த வரியைப் படிக்கலை. எங்க மாப்பிள்ளை ஆவுடையப்பனுக்காகன்னு அவரே எழுதியிருக்காரு. கடை பில்லுல யாரும் அப்படி எழுத மாட்டாங்க, தேவையே இல்ல. மளிகைக்கடைக்காரரு, பில்லுன்னா என்னன்னு தெரியாதவரா? சந்தோசத்துல எழுதியிருக்காரு. நான் உக்காந்துட்டேன். முறுக்கு வைம்மா, வடை வைம்மான்னு அவரு சொன்னதெல்லாம் வரிசையா வந்துச்சு. வெக்கமா இருந்துச்சு அண்ணாச்சி. அறுபது வயசுல ஒரு மனுசன் வெக்கப்பட்டு அழுதா எப்படி இருக்கும்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. உலகு வாசப்படியில நின்னு பாத்தா. கிட்ட வரலை, போகவும் இல்ல.

ஃபோட்டோ எடுக்கலை. கார்டையும் பில்லையும் பெட்டியில வச்சேன், அன்னையில இருந்து எங்க போனாலும் பெட்டி என் கூடத்தான். வாட்சை எடுத்துக் கையில கட்டினேன். கட்டிட்டா செட்டு மதிப்பு போயிரும்னு தெரியும். ஏற்கெனவே கட்டின வாட்ச்தானே, புதுசா என்ன போகப்போகுதுன்னு மனசைச் சமாதானப்படுத்திக்கிட்டேன்.

கல்யாணத்துக்கு மூணு நாளைக்கு முன்னால நான் மட்டும் பண்பொழிக்குப் போனேன். உலகு வரலை, தட்டை மட்டும் அடுக்கித் தந்தா. குற்றாலிங்கம் வாசல்ல நின்னு சைக்கிளைத் துடைச்சுட்டு இருந்தான். என்னைப் பாத்தான், வாங்கன்னு சொல்லலை, வழியையும் மறிக்கலை. நான் நேரா உள்ள போனேன். மாமனாரு படத்துக்கு முன்னால பத்திரிகையை வச்சேன். பஸ்ல வரும்போது என்னென்னமோ பேசணும்னு எழுதி வச்ச மாதிரி தயார் பண்ணியிருந்தேன், ஒண்ணும் வரலை. மாமா, வாட்ச் நல்லா ஓடுதுன்னு சொன்னேன்.

பின்னால ஆள் நிக்கது தெரிஞ்சுது. குற்றாலிங்கம் என் இடது கையைப் பிடிச்சுத் தூக்கினான். சட்டைக் கையை மேல தள்ளி வாட்சைப் பாத்தான். அடுத்துச் சுவத்துக் கடிகாரத்தைப் பாத்தான். மறுபடியும் வாட்சைப் பாத்தான். வடிவு உள்ள இருந்து ஓடி வந்து நிலையைப் பிடிச்சுட்டு நின்னா, அவ மூலமா என்ன சொல்லப் போறானோன்னு. அவன் அவ பக்கம் திரும்பவே இல்ல.

அத்தான், இது நாலு நிமிசம் பிந்தி ஓடுதுன்னான். வெள்ளிக்கிழமை முகூர்த்தத்துக்கு நான் பிள்ளையைக் கூட்டிட்டு வந்து மணவடையில நிக்கும்போது, நீங்க நாலு நிமிசம் கழிச்சு வருவீங்களா?

என் வாட்சுகளை அடுத்தவன் தொட நான் விட்டது கிடையாது. வீட்டுல உலகைக் கூட விட்டதில்ல. அவன் சாவியை நகத்தால இழுத்து, முள்ளைத் திருப்பி வச்சு, ஒரு தடவை காதுல வச்சுக் கேட்டான். முடியற வரைக்கும் நான் கையை நீட்டிக்கிட்டு நின்னேன்.